காங்கிரியின் சூடு

காஷ்மீரில் கடுங்குளிர் வாட்டும் 40 நாட்களுக்குச் சில்லை கலான் என்று பெயர். டிசம்பர் 21-இல் தொடங்கி ஜனவரி இறுதிவரை அது நீளும். குழாய்களில் தண்ணீர் உறைந்துபோகும். தால் ஏரியின் மேற்பரப்பிலும் பனிக்கட்டி படரும். பாதை அடைபடும் நாட்களுக்கென்று கத்தரி, தக்காளி, சுரைக்காயைக் கோடையிலேயே வற்றல் போட்டு வைப்பார்கள். உடம்பைக் காப்பவை பிரன் என்னும் தொளதொளத்த கம்பளி அங்கியும், அதற்குள் ஏந்திக்கொள்ளும் காங்கிரியும். பின்னிய கூடைக்குள் ஒரு மண்சட்டி, அதில் சாம்பல் மூடிய கரித்தணல். காங்கிரி என்பது அவ்வளவுதான். மின்சாரம் போனாலும் கைவிடாத, ஏழைக்கும் எட்டுகிற அருமையான சாதனம் அது. ஆனால் அதன் தீங்கையும் சொல்லத்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் தொடையிலும் வயிற்றிலும் சூடு பட்டுவந்தால் தோலில் வலைபோலக் கருந்தடம் விழும். சிலருக்கு அது புற்றாகவும் மாறுகிறது. மருத்துவ நூல்கள் அதைக் காங்கிரிப் புற்றுநோய் என்றே குறிக்கின்றன. அதைவிட உடனடியான ஆபத்து, அடைத்த அறையில் எரியும் கரி வெளியிடும் கார்பன் மோனாக்சைடு. அந்த வாயுவுக்கு மணமில்லை. உறங்குபவர் அறியாமலே உயிர் போய்விடும். எத்தனை குளிரானாலும், படுக்கும்முன் காங்கிரியை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.