எல்லாக் கவலைக்கும் 'கன்சர்ன்' ஆகாது

அலுவலக ஆங்கிலம் சொல்லித்தரும் வகுப்புகளில் ஆண்டுக்கணக்காக ஒரே பாடம்: எந்தக் கவலையானாலும் 'கன்சர்ன்' என்று எழுதினால் போதும், தப்பும் வராது, மரியாதையும் கெடாது. இதில் எதுவும் உண்மையில்லை.

'கன்சர்ன்ட்' என்பதற்குப் பின்னால் 'அபௌட்' வந்தால் கவலை. 'வித்' வந்தால் பெரும்பாலும் ஒன்றைக் கையாள்வது, அதில் ஈடுபடுவது என்ற பொருள் வந்துவிடும். 'வி ஆர் கன்சர்ன்ட் வித் தி டிலே' என்று புகார் எழுதுபவர், தாமதத்தைக் கவனிப்பதே தம் வேலை என்று சொன்னதாகவும் படிக்கலாம். சொல் நிற்கும் இடமும் முக்கியம். 'தி ஆபீசர் கன்சர்ன்ட்' என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி. அதையே நம் அலுவலகங்களில் 'தி கன்சர்ன்ட் ஆபீசர்' என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டில் படிப்பவருக்கு அவர் கவலையில் இருக்கும் அதிகாரி.

மரியாதைக்கு வருவோம். 'வொரீட்' என்று எழுதுவதால் யாருக்கும் அவமரியாதை இல்லை.

பெரிய கேடு வேறு. பில்லில் கூடிப்போன பத்து ரூபாயும் உயிருக்கு வந்த ஆபத்தும் இந்தச் சொல்லில் ஒரே எடையாகிவிடுகின்றன. 1985 ஜூலை 31 அன்று, மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் போஷொலே, விண்வெளி ஓடத்தின் ராக்கெட் இணைப்புகளில் உள்ள 'ஓ' வளையங்கள் அரிக்கப்படுவது பற்றி நிறுவனத்தின் துணைத் தலைவருக்கு எழுதினார். அவர் கையாண்ட சொல் 'ஃபியர்'. உடனே நடவடிக்கை இல்லையென்றால் ஓடமும் ஏவுதளமும் போய்விடலாம் என்றார். உயிர்கள் போகும் என்பதையும் பூசி மெழுகவில்லை. 1986 ஜனவரி 28 அன்று, ஏவிய 73 நொடிகளில் சேலஞ்சர் விண்வெளி ஓடம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அப்பட்டமாக எழுதியும் பயனில்லையே என்று கேட்கலாம். மேலிடம் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் எச்சரிக்கை புரியவில்லை என்று சொல்ல அந்தக் கடிதம் யாருக்கும் இடம் வைக்கவில்லை. அமெரிக்க அதிபர் நியமித்த விசாரணை ஆணையத்தின் முன் அது ஆவணமாக நின்றது. 'சில கன்சர்ன்கள் உள்ளன' என்ற வரிக்கு அந்த வலு இருந்திருக்காது.

மாற்றாகச் சிலர் சொல்லும் 'ஐ ஆம் அஃப்ரெய்ட்' கடிதங்களில் உதவாது. அங்கே அது 'மன்னிக்கவும், முடியாது' என்பதற்கான பணிவான முன்னுரை. உண்மையான அச்சத்துக்கு 'வி ஃபியர் தட்' அல்லது 'வி ஆர் வொரீட் தட்' என்று தொடங்கி, நடக்கக்கூடியதை அதே வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும்.