ரிசிமரும் உரோமின் வீழ்ச்சியும்

மேற்கு உரோமப் பேரரசை அழித்தது ரிசிமர் என்னும் ஜேர்மானியத் தளபதியின் துரோகமே என்பாருளர். தந்தை சுவேவியர், தாய் விசிகொதியர் என்பதே அவர்களுக்குப் போதிய சான்று. இது வரலாற்றாய்வன்று, குருதியைக் கொண்டு குற்றம் காணும் எளிய வழியாகும்.

நிகழ்ச்சிகள் மறுத்தற்கரியன. 456இல் அவித்தஸ் வீழ்த்தப்பட்டார். 461இல் மயோரியன் கொல்லப்பட்டார். 472இல் அந்தேமியஸ் உரோம் நகரிலேயே மாண்டார். மூன்றிலும் ரிசிமரின் கையுண்டு. ஆயின் அவித்தசை வீழ்த்துகையில் அவருடன் நின்ற மயோரியன் உரோமர். செவெரசை அரியணையில் ஏற்றுக்கொண்டது உரோமச் செனற் சபை. 475இல் யூலியஸ் நேப்போசைத் துரத்தித் தன் மகனை முடிசூட்டிய ஒரெஸ்தசும் உரோமரே. குருதி வேறு, செயல் ஒன்று. எனவே காரணத்தைக் குருதியில் தேடுதல் பொருந்தாது.

தேட வேண்டிய இடம் கருவூலமாகும். 439இல் காதேஜ் வண்டாலர் வசமாயிற்று. அதனோடு வட ஆபிரிக்காவின் செழிப்பான மாகாணங்களின் வரியும் தானியமும் கைநழுவின. அவற்றை மீட்க 460இலும் 468இலும் திரட்டப்பட்ட கடற்படைகள் அழிந்தன. படைக்கு ஊதியம் வழங்க இயலாத அரசன் படையை ஆள்வதில்லை; படையை வைத்திருப்பவனே அரசனை ஆள்வான். ரிசிமர் இந்நிலையைத் தோற்றுவித்தவரல்லர்; அதனைத் தமக்குப் பயன்படுத்திக்கொண்டவர்.

மயோரியனின் கொலைக்கு அவர் பொறுப்பாளி என்பதில் ஐயமில்லை. தனிமனிதரின் குற்றம் வேறு, அமைப்பின் நோய் வேறு. 472இல் ரிசிமர் இறந்தார். நோய் அவருடன் இறக்கவில்லை. 476இல் ஒடோவாக்கர், இத்தாலியை ஆளப் பெயரளவிலான பேரரசரும் தேவையில்லை எனக் காட்டினார். துரோகியைத் தேடி அலைவோர் காணத் தவறுவது இதனையேயாகும்.