பர்ஸ் ஒன்று... கலர் இரண்டு!

“போட்டோவுல பார்த்த கலர் இது இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கம்மா...”

ஆம்பூரில் வீட்டிலேயே லெதர் பர்ஸ், பெல்ட் தைத்து வாட்ஸ்அப்பில் விற்கும் அக்கா ஒருவர், திரும்பி வந்த பர்ஸை என் கையில் கொடுத்தார். அசல் தேன் நிறம். அவர் போனில் இருந்த படத்திலோ செங்கல் நிறம். தையலில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும், போக வர கூரியர் செலவு அவர் தலையில்தான் விழுந்தது.

தப்பு எங்கே? மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம் அது. நம் கண் அந்த மஞ்சளுக்குப் பழகிக்கொள்ளும். போன் கேமரா ஊகித்துத்தான் சரிசெய்யும். படம் முழுக்கப் பழுப்புத் தோலே நிறைந்திருந்தால், அந்த ஊகம் தப்பிவிடும்.

இதைச் சரிசெய்ய இலவச ஆப் போதும். ஆனால், பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

* வாசல் நிழலில், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். உச்சி வெயில் வேண்டாம். வீட்டு லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் எந்த ஆப்பும் திணறும்.
* ஃப்ளாஷ் கூடாது. பளபளக்கும் தோலில் வெள்ளைத் திட்டு விழும். அந்த இடத்தில் நிறமே பதிவாகாததால், பிறகு மீட்க முடியாது.
* பொருளுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வையுங்கள். இதுதான் முக்கியம்.

இனி, கூகுளின் இலவச ஆப்பான ‘ஸ்நாப்சீட்’. படத்தைத் திறந்து ‘ஒயிட் பேலன்ஸ்’ போங்கள். அதில் இருக்கும் சொட்டு மருந்துக் குழாய் போன்ற குறியைத் தொட்டு, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். ‘இதுதான் வெள்ளை’ என்று ஆப்புக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. மற்ற நிறங்களும் அதற்கேற்ப மாறும். அடுத்து ‘டியூன் இமேஜ்’ போய் பிரைட்னஸை லேசாகக் கூட்டலாம். ‘சாச்சுரேஷன்’ பக்கம் மட்டும் போகாதீர்கள். படம் கண்ணைப் பறிக்கும். பார்சல் திரும்பி வரும்! கடைசியில் ‘கிராப்’ செய்து தாளை வெட்டிவிடுங்கள்.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ‘கிம்ப்’ இருக்கிறது. 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மேட்டிஸ் இருவரும் தொடங்கியது. இன்றும் முற்றிலும் இலவசம். அதில் ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ திறந்தால், வெள்ளைப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் குழாய் இருக்கும். அதே தாள், அதே வேலை. முடித்ததும் ‘எக்ஸ்போர்ட் ஆஸ்’ கொடுத்து, வேறு பெயரில் ஜேபெக் ஆகச் சேமியுங்கள். அசல் படம் பத்திரமாக இருக்கட்டும்.

அக்காவும் நானும் வாசற்படியில் அதே பர்ஸை மறுபடி எடுத்தோம். தாளைத் தொட்டதும் தேன் நிறம் வந்துவிட்டது. பர்ஸையும் போனையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு ‘ஹீலிங்’ என்ற வசதியைக் காட்டினேன். விரிப்பில் கிடந்த நூல் துணுக்கைத் தொட்டதும் மறைந்தது. உடனே அவர், “அப்ப இந்தத் தழும்பையும் எடுத்துடலாமா?” என்றார். தோலில், ஆடு உயிரோடு இருந்தபோது முள் கீறிய சின்னக் கோடு.

“எடுக்கலாம்க்கா. ஆனா, வாங்குறவங்க கையில இருக்கிற பர்ஸ்ல அது அப்படியேதானே இருக்கும்?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். தூசியை நீக்குவது துடைத்து வைப்பது மாதிரி. தழும்பை நீக்குவது மறைத்து விற்பது. இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. தழும்பை மட்டும் கிட்டத்தில் இன்னொரு படம் எடுத்தார். கீழே அவரே டைப் செய்தார்: ‘அசல் தோல். இயற்கையான சின்னத் தழும்பு உண்டு.’