உடுத்துபவன் தர்மமும் உழைப்பவன் கூலியும்

"அவரவர் துணியை அவரவரே நூற்றுத் தைத்து உடுத்துங்கள், அதுவே தர்மம்" என்று சில புண்ணியவான்கள் இன்றும் உபதேசிக்கிறார்கள். திருப்பூருக்கு இது புதிதல்ல. கதர் இயக்கம் வேரூன்றிய ஊர் இது. 1932 ஜனவரியில் போலீஸ் தடியடியில் வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிடாத குமரனின் ஊர் இது. அந்நியத் துணியைப் பகிஷ்கரித்த அந்தத் தேசபக்தியை நாம் வணங்குகிறோம்.

ஆனால் ஒரு கேள்வி. கதர் உடுத்தியவனுக்குப் புண்ணியம் கிடைத்தது. நூல் நூற்றவளுக்கு என்ன கிடைத்தது? அரை வயிற்றுக் கூலி! கதரை மலிவாக விற்க அவள் கூலியில் கை வைத்தார்கள். 1935-ல் காந்தியடிகளே தலையிட்டு, நூற்பவர் வயிறு நிறையக் கூலி கொடுங்கள் என்று அகில இந்திய நூற்போர் சங்கத்தை வற்புறுத்த நேர்ந்தது. உடுத்துபவனின் மனச்சுத்தம் உழைப்பவளின் அடுப்பில் உலை வைக்காது!

இன்றைய திருப்பூரைப் பாருங்கள். பனியன் தொழிலாளி தைக்காத துணியா? பவர் டேபிளிலும் ஓவர்லாக்கிலும் ஒன்றரை ஷிப்டு, பன்னிரண்டு மணி நேரம் தைக்கிறான். நல்ல சரக்கு கப்பலேறுகிறது. கழித்துப் போட்ட செகண்ட்ஸைக் காதர்பேட்டையில் காசு கொடுத்து வாங்கி உடுத்துகிறான். தான் தைத்ததைத் தானே உடுத்தும் தர்மம் முதலாளி ராஜ்யத்தில் இப்படித்தான் நிறைவேறுகிறது!

விவசாயத் தொழிலாளிக்கு இதில் சம்பந்தமில்லையா? பருத்தி எடுக்கும் கை யாருடையது? சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியபோது பாழானது யாருடைய பிழைப்பு? 2011-ல் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று வேலையிழந்து தெருவில் நின்றதும் தொழிலாளியே. லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் ஊருக்கு!

தைக்கத் தெரிந்தவர் தைத்து உடுத்தட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. ஆனால் பகலெல்லாம் பிறருக்குத் தைத்தவளிடம், இரவில் உனக்கும் தைத்துக்கொள் என்பது தர்மமல்ல, பரிகாசம்!

தொழிலாளி கண்ட வழி வேறு. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எந்த ராட்டையும் கற்றுத் தராத பாடம் அது: தனியாளின் புண்ணியம் தனியாளோடு போகும், சங்கத்தின் பலம் எல்லோருக்கும் சோறு போடும்.

தோழர்களே! எட்டு மணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம், வயிறு நிறையும் கூலி, விஷமில்லாத ஆறு. துணியின் தர்மம் இதுவே. ஆலையும் வயலும் ஒன்றுபடட்டும்!