பார்வை இல்லாத பிள்ளைக்குப் பனிமலை எதற்கு?



நேற்று நம் குடும்பக் குழுவில் மில்லி நைட் பற்றிய காணொளி ஒன்றைப் போட்டிருந்தேன். பிரிட்டனின் பனிச்சறுக்கு வீராங்கனை. 6 வயதுக்குள் பார்வையின் பெரும்பகுதி போய்விட்டது. 2014-இல், 15 வயதில், சோச்சி குளிர்கால பாராலிம்பிக்கில் நாட்டுக்காக இறங்கியவர்.

வந்த பதில்கள்: "ஐயோ பாவம்." "பெத்தவங்களுக்குப் பொறுப்பு வேண்டாமா?" "இதெல்லாம் தேவையா சார்?"

தேவைதான்.

அந்தப் பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு மலையிலிருந்து குதிக்கவில்லை. பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையில் வழிகாட்டி ஒருவர் முன்னால் சறுக்கிப் போகிறார். இருவர் ஹெல்மெட்டிலும் புளூடூத். எங்கே மேடு, எங்கே திருப்பம் என்று அவர் சொல்லச் சொல்ல, இவர் பின்னால் வருகிறார். பதக்கம் கிடைத்தால் வழிகாட்டிக்கும் ஒன்று உண்டு. ஆபத்து தெரிந்துதான் இத்தனை ஏற்பாடு.

விழுந்தால்? விழுந்தார். 2017-இல் தென்கொரியாவின் பியோங்சாங்கில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில். தலையில் அடி. மறு வருடம் அதே பியோங்சாங்கில், பாராலிம்பிக் டவுன்ஹில் போட்டியில் வெள்ளி வாங்கினார். பார்வையுள்ள வீரர்களும்தான் விழுகிறார்கள். அவர்களிடம் போய் "தேவையா?" என்று கேட்போமா?

இதைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை இல்லை. 1987-இல் என் ஏழாம் வகுப்பில் பார்வை மங்கிய பையன் ஒருவன் இருந்தான். விளையாட்டு பீரியடில் அவனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, மற்றவர்களின் செருப்புக்குக் காவல் போட்டேன். அதை அக்கறை என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டான்: "சார், யாராச்சும் கூட ஓடி வந்து வழி சொன்னா நானும் ஓடுவேன்." "விழுந்துட்டா யாருடா பதில் சொல்றது?" என்று வாயை அடைத்தேன். பயம் என்னுடையது, தண்டனை அவனுக்கு.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 9 வயது மகளுக்குப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. இனி விளையாட்டு வேண்டாம் என்று பள்ளியில் எழுதித் தரச் சொல்கிறார்களாம்.

கையெழுத்துப் போடாதேம்மா. விலக்கு கேட்காதே, கூட ஓட ஓர் ஆள் கேள். யாரும் வரவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. 71 வயதில் ஓட முடியாது, வேகமாக நடப்பேன். குரல் இன்னும் கடைசி பெஞ்சு வரை கேட்கும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்