வேலிக்கு வரும் விருந்தினர்

மார்கழி பிறந்துவிட்டது. திருவெம்பாவைக் காலத்துச் சங்கும் சேமக்கலமும் விடியுமுன்னரே நல்லூர் வீதிகளில் ஒலிக்கும் இந்நாள்களில், நம் வளவுகளின் கோடியிலிருந்து வேறொரு குரலும் எழுகின்றது. காலை ஆறு மணியளவில் இரண்டு சீழ்க்கை. மாலை ஆறு மணியளவில் மீண்டும் இரண்டு சீழ்க்கை. குரலை அறிந்தோர் பலர். குரலுக்குரிய பறவையைக் கண்டோர் மிகச் சிலர். அதுவே ஆறுமணிக் குருவி.

பசிய முதுகு, மங்கிய மஞ்சள் மார்பு, சிறகிலே நீலம், அடிவயிற்றிலே செம்மை, கண்ணை ஊடறுத்துச் செல்லும் கரிய பட்டை, கட்டையான வால் ஆகிய இத்துணைக் கோலத்தையும் பூண்ட அப்பறவை, மரத்தின் உச்சியில் இருந்து தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. நிலத்திலே சருகுகளைப் புரட்டிப் புழுவும் பூச்சியும் தேடி உண்ணும். ஒன்பது வண்ணமுடையது என்னும் பொருளில் வடநாட்டார் அதனை ‘நவரங்’ என்பர். தன் அழகிய ஆடையை மயில் கவர்ந்துவிட்டதென்று அது முறையிட்டு அழுவதாகச் சிங்கள மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது.

அது இவ்வூரிற் பிறந்த பறவையன்று. இமயத்தின் அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலுமுள்ள காடுகளிலே குஞ்சு பொரித்து, புரட்டாதி ஐப்பசி மாதங்களிலே கடல் கடந்து இங்கு வருகின்றது. பங்குனி சித்திரையில் மீள்கின்றது. இரவெல்லாம் பறந்து களைத்து, விளக்கொளியில் மயங்கி வீட்டினுள் வந்து விழுவதும் உண்டு. அவ்வாறு விழுந்தால் அதற்குச் சோறூட்ட முயலுதல் தகாது. காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியொன்றில், இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்து, களைப்பு நீங்கியதும் வளவின் மரநிழலிலே விட்டுவிடுதலே போதியது.

வேலிக் கதியாலின் நுனியில் இருந்து கடுகடுக்கும் மண்ணிறக் கீச்சான் இதனினும் நெடுந்தொலைவு வருவது. சைபீரியா, மங்கோலியா முதலிய குளிர்நாடுகள் அதன் பிறப்பிடம். அதன் எடையோ ஏறத்தாழ 30 கிராம். கீச்சான்களின் காலில் வளையமிட்டு ஆராய்ந்த அறிஞர், சென்ற ஆண்டு தங்கிய இடத்தையே அவை மறுவருடமும் நாடி வருவதைக் கண்டுள்ளனர். எனவே, சென்ற மாரியில் நம் வேலியில் இருந்த அதே கீச்சான் இவ்வாண்டும் அதே வேலியைத் தேடி வந்திருக்கக்கூடும். ஒரு முழ வேலிக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவ்வழக்குகளிலே பறவைக்கும் ஒரு பங்கு உண்டென்று இதுவரை எவரும் வாதாடியதில்லை!

குளிர்நாடுகளிலே பனி நிலத்தை மூடும்போது பறவைகள் இரையின்றி மடியும். பிரித்தானியாவில் 1890-91 ஆம் ஆண்டுக் கடுங்குளிரின்போது, பறவைகளுக்கு உணவிடுமாறு பத்திரிகைகள் மக்களை வேண்டின. நத்தார்க் காலத்திலே ஓட்ஸ் கதிர்க்கட்டை முற்றத்திற் கட்டி வைப்பது நோர்வே மக்களின் பழைய வழக்கம். இன்று அந்நாடுகளிலும் கனடாவிலும் வாழும் நம் உறவினரின் பிள்ளைகள், வித்து நிரப்பிய சிறு கூடுகளைப் பனியிலே தொங்கவிட்டு, அங்கு வரும் குருவிகளைக் கைபேசி வழியே நமக்கும் காட்டுகின்றனர். அதைக் கண்ட மாணவர் சிலர், “நாமும் அவ்வாறு செய்யலாமா?” என்று வினவுகின்றனர்.

வினா நன்று. விடை கூறுமுன் பேகனை நினைத்தல் வேண்டும். தோகை விரித்து நின்ற மயிலைக் குளிரால் நடுங்குவதாகக் கருதித் தன் போர்வையை அளித்த வள்ளல் அவன். அவ்வீகையைப் புலவர் கொடைமடம் என்றனர். அவனுடைய உள்ளம் பெரிது. மயிலுக்கோ போர்வையால் ஆவது ஒன்றுமில்லை. நாமும் அன்பினால் மாத்திரம் தொடங்கினால் அவ்வாறே முடியும். ஆறுமணிக் குருவியின் முன் சோற்றை வைத்தாலும் வித்தை வைத்தாலும் அது ஏறெடுத்தும் பாராது. கீச்சானும் வெட்டுக்கிளி, வண்டு முதலியவற்றையே நாடும்.

மேலும், நம் மாரி பறவைகளுக்குப் பஞ்சகாலமன்று. மார்கழி இரவிலும் இங்கு வெப்பம் 20 பாகைக்குக் கீழ் இறங்குதல் அரிது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பொழிவதால், நிலம் நனைந்து புழுவும் பூச்சியும் பெருகுகின்றன. அவ்விருந்தை நாடியே அவை இத்துணைத் தொலைவு வருகின்றன. சமையல் முன்னரே ஆயிற்று. நாம் அளிக்க வேண்டியது பந்தி விரிக்கும் இடமே.

அவ்விடத்தை நம் முன்னோர் அறிந்தோ அறியாமலோ அமைத்து வைத்திருந்தனர். பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் கதியால்களை நட்டுக் கிடுகால் அடைத்த வேலி, எல்லையாக மாத்திரம் இருக்கவில்லை. ஆட்டுக்குக் குழையும் தோட்டத்துக்குப் பசளையும் அதிலிருந்தே கிடைத்தன. முள்முருக்குப் பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் அங்கு கூடும். வேலியடியிற் குவிந்த சருகிலே புலுனிக் கூட்டம் இரைச்சலிட்டுக் கிளறும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் காணப்படாத பறவை நம் புலுனி. செண்பகம் அவ்வேலியின் நிழலிலே நத்தை தேடி உலாவும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் நாள், வலசைப் பறவைகள் வந்திறங்கும் அதே பருவத்தில், மாரி மழையினூடே நம் மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். வந்து தங்க ஓரிடம் என்பதன் அருமையை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2009 இல் யுத்தம் முடிந்தபின்னர் வீடுகள் மீண்டும் எழுந்தன. அவற்றைச் சுற்றி மதில்களும் எழுந்தன. மதில் கட்டியோரைக் குறை கூறுதல் முறையன்று. கிடுகும் கதியாலும் எளிதிற் கிடைப்பதில்லை; வேலியடைக்கும் கூலியும் மிகுதி; காவலும் வேண்டியிருக்கின்றது. எனினும் மதிலிலே பூச்சி இல்லை, பூ இல்லை, சருகு இல்லை. சென்ற ஆண்டின் வேலியைத் தேடிவரும் கீச்சானுக்கு அங்கே அமர ஒரு கொம்பும் இல்லை.

ஆதலின் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம். மதில் உள்ளோர் அதன் உட்புறத்திலே பூவரசோ முள்முருக்கோ சில கதியால்கள் நட்டுவிடலாம். மாரியின் ஈரத்தில் அவை எளிதில் வேர் கொள்ளும். முற்றத்தை நாள்தோறும் கூட்டுதல் நம் பெண்டிரின் நல்வழக்கம். ஆயினும் வளவின் ஒரு மூலையை விளக்குமாறு தீண்டாது விடுக. அங்கு சேரும் சருகைக் கொளுத்தற்க, பூச்சிமருந்தும் தெளிக்கற்க. விடியற்பொழுதிலும் அந்தியிலும் வீட்டுப் பூனையை உள்ளே அடைத்து வைத்தல் நலம். சிறுவர் கையிலுள்ள கெற்றப்போலைப் பெற்றோர் வாங்கி வைப்பாராக.

புரட்டாதிச் சனியிலும் முன்னோரை நினைக்கும் நாள்களிலும் காகத்துக்கு வைக்கும் ஒரு பிடி சோறு நம் பண்பாடு, அதனை விடவேண்டியதில்லை. மூடாது எறியும் எச்சிலும் குப்பையுமே கேடு. அவற்றால் அளவுக்கு மீறிப் பெருகும் காகங்கள் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவர்ந்து உண்ணும். குயிலுக்கும் கொண்டைக் குருவிக்கும் பப்பாசி மரத்திலே ஒரு பழத்தைப் பறியாமல் விட்டால் அதுவே விருந்து. மழை ஓய்ந்து, மாசி பங்குனியில் நிலம் காயத் தொடங்கும்போது, அகன்ற மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நீர் வைத்தல் பேரறம். நாள்தோறும் சட்டியைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுதல் வேண்டும். இல்லையேல் பறவைக்கு வைத்த நீர் டெங்கு நுளம்புக்கு இல்லமாகும்.

மாணவர்க்கு ஒரு பணி உண்டு. பிரித்தானியாவில் 1979 ஆம் ஆண்டு சிறுவருக்கென ஒரு வழக்கம் தொடங்கிற்று. தை மாதத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்து, தோட்டத்துக்கு வரும் பறவைகளை எண்ணிக் குறிப்பதே அது. இன்று பெரியோரும் பெருந்தொகையாக அதிற் பங்குபற்றுகின்றனர். தைப்பொங்கல் விடுமுறையில் நம் மாணவரும் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு, வளவிலே ஒரு மணி நேரம் அசையாது அமர்வாராக. கண்ட பறவை, எண்ணிக்கை, அமர்ந்த மரம், உண்ட இரை ஆகிய நான்கையும் எழுதினாற் போதும். பெயர் தெரியாவிடின் நிறத்தை எழுதுக. பெயர் பின்னர்க் கிடைக்கும். பாட்டனார் இருந்தால் அவரிடம் கேட்டால் பழைய பெயரும் கிடைக்கும்.

பங்குனியிலோ சித்திரையிலோ ஒரு நாள் ஆறுமணிக் குருவியின் குரல் நின்றுவிடும், கீச்சானும் காணப்படாது. அந்நாளையும் கொப்பியில் எழுதி வைக்க. அடுத்த புரட்டாதி ஐப்பசியில் அக்கொப்பியை மீண்டும் எடுத்துக்கொண்டு வேலியடிக்குச் செல்க. வந்தவற்றின் பெயருக்கு நேரே நாளைக் குறிக்க. வாராதவற்றுக்கு வேலியில் என்ன குறைந்தது என்று பார்க்க.