மதிப்பெண் போடுவது யார்?

திக்கிப் பேசும் சின்னப் பிள்ளைகளுக்காக ஆஸ்திரேலியாவின் சிட்னியில் உருவான லிட்கம் பயிற்சியில், பெற்றோர் தினமும் மதிப்பெண் போடவேண்டும்: திக்கலே இல்லை என்றால் 0, மிகக் கடுமை என்றால் 9. கிளினிக்கில் பிள்ளை பேசுவதைக் கேட்டு அம்மா ஓர் எண் சொல்வார். சிகிச்சையாளரும் ஒன்று சொல்வார். ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அங்கேயே பேசிச் சரிசெய்துகொள்வார்கள். இப்படி ஒத்துப்பார்ப்பதால்தான் அந்த எண்ணை நம்ப முடிகிறது. ஆனால் பல இடங்களில் சிகிச்சை கொடுப்பவரே முன்னேற்றத்துக்கும் தனியாக மதிப்பெண் போடுகிறார். தன் உழைப்பு வீண்போகவில்லை என்று நம்ப யாருக்குத்தான் ஆசை இருக்காது? மாதக்கணக்கில் கேட்டுப் பழகிய காதுக்குக் குழறலும் தெளிவாகத்தான் கேட்கும். முதல் மாத ஒலிப்பதிவையும் ஆறாம் மாத ஒலிப்பதிவையும், எது முந்தையது என்று சொல்லாமல், பிள்ளையை அறியாத இன்னொரு சிகிச்சையாளரிடம் கொடுங்கள். அவருக்கும் வித்தியாசம் தெரிந்தால், தாராளமாக ‘முன்னேற்றம்’ என்று எழுதலாம்.